கையெழுத்து வாங்கினால் போதுமா? மாணவர்களை மலைக்கு அழைத்துப் போகுமுன் யோசிக்க வேண்டியவை

சிறுமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் ஈரப்பாறையில் கால் வழுக்கி, கையை ஊன்றியபடி விழுந்தார். மணிக்கட்டு வீங்கிவிட்டது, நெற்றியில் நல்ல வெட்டு. துண்டை மடித்து நெற்றியில் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஜீப்பில் ஏற்றி, அடிவாரத்துக்கு வந்து, அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். பணியில் இருந்த டாக்டர் ஊசி போடும் முன் கேட்டார்: "இவருக்கு எந்த மருந்தாவது ஒத்துக்காதா?"

"தெரியல டாக்டர், அம்மாவுக்குத்தான் தெரியும்" என்றார் அந்தத் தம்பி.

என் தோள்பையில் அவர் கையெழுத்துப் போட்ட தாள் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். 'என் சொந்தப் பொறுப்பில் கலந்துகொள்கிறேன். எது நேர்ந்தாலும் கல்லூரி நிர்வாகமோ ஆசிரியர்களோ பொறுப்பல்ல.' கீழே பெயர், வகுப்பு, தேதி. ரத்த வகை இல்லை. ஒவ்வாமை பற்றி ஒரு வரி இல்லை. அவசரத் தொடர்பு எண் என்று எழுதியிருந்தது அறைத்தோழருடைய எண். அந்த அறைத்தோழரும் எங்களோடுதான் மலைக்கு வந்திருந்தார்.

வகுப்புத் தோழி ஒருவர் மூலம் எப்படியோ அம்மாவைப் போனில் பிடித்தோம். "பென்சிலின் ஊசி ஆகாதுங்க சார். சின்ன வயசுல போட்டு உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு வாங்கிருச்சு" என்றார். எலும்பில் சின்ன விரிசல், நெற்றியில் நாலு தையல், அத்தோடு போயிற்று. ஆனால் தேவைப்பட்ட நேரத்தில் அந்தத் தாள் எதற்கும் உதவவில்லை என்பது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

மதுரையில் ஒரு கல்லூரியில் இயற்கை மன்றத்தை எட்டு ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். நாகமலை, கீழக்குயில்குடி சமணர் மலை, அழகர்மலை, சிறுமலை என்று ஆண்டுக்கு மூன்று நான்கு பயணம் போவோம். உடற்கல்வித் துறைக்குச் சிலம்பமும் நீச்சலும் உண்டு. வருபவர்கள் எல்லாரும் 18 வயதைத் தாண்டியவர்கள். முதுகலையில் திருமணமானவர்கள் இருக்கிறார்கள், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் இருக்கிறார்கள். சிறுமலைக்குப் பிறகு நடந்த கூட்டத்தில் ஆளுக்கொரு யோசனை வந்தது. பழைய தாளையே பத்திரத்தில் எழுதி வாங்கலாம் என்றார் ஒருவர். பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்றார் இன்னொருவர். இன்சூரன்ஸ் எடுக்கலாம், வெளி ஆளிடம் ஒப்படைத்துவிடலாம் என்றும் பேச்சு வந்தது. "எதுக்கு வம்பு, விட்டுருங்களேன்" என்றும் ஒரு குரல் கேட்டது. ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்தோம். உயர் நீதிமன்றக் கிளையில் வழக்காடும் நண்பர் ஒருவரிடமும் இரண்டு மாலை உட்கார்ந்து பேசினேன். இதே கேள்வி நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களுக்கும் சிலம்ப ஆசான்களுக்கும் நீச்சல் சொல்லித்தருபவர்களுக்கும் உண்டு என்பதால் எழுதுகிறேன்.

முதலில் 'எது நேர்ந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல' தாள். பெரும்பாலான இடங்களில் இதுதான் இருக்கிறது. 18 வயது முடிந்தவர் ஒப்பந்தம் செய்யலாம் என்பது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தையும் 1875ஆம் ஆண்டு வயதுவந்தோர் சட்டத்தையும் சேர்த்துப் படித்தால் தெரியும். அதனால் மாணவர் போட்ட கையெழுத்து கையெழுத்துதான். ஆனால் அதை வைத்துக் கல்லூரி தப்பிவிடலாம் என்பது வேறு விஷயம். ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பொதுநலனுக்கு எதிரான ஒப்பந்தம் செல்லாது என்கிறது. 1960களில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு சலவைக்கடை வழக்கு வந்தது. வெளுக்கக் கொடுத்த புதுப் புடவை தொலைந்துவிட்டது. தொலைந்தால் விலையில் 15 சதவீதம்தான் தருவோம் என்று ரசீதில் அச்சடித்திருந்தார்கள். அப்படி ஒரு நிபந்தனை பொதுநலனுக்கு எதிரானது, செல்லாது என்றது நீதிமன்றம். நண்பர் அதைச் சொல்லிவிட்டு, "அண்ணே, புடவைக்கே இப்படின்னா புள்ளைக்கு எப்படி?" என்று கேட்டார். பேரம் பேச முடியாத இடத்தில் இருப்பவரிடம் திணிக்கப்படும் நியாயமற்ற நிபந்தனை செல்லாது என்று 1986இல் உச்ச நீதிமன்றமும் ஒரு வேலை ஒப்பந்த வழக்கில் சொல்லியிருக்கிறது. கையெழுத்துப் போட்டால்தான் பஸ்ஸில் ஏறலாம் என்று நிற்கும் மாணவரும் பேரம் பேச முடியாதவர்தானே.

இந்தத் தாள்களில் பல, இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க மாதிரிகளைப் பார்த்து எழுதியவை. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். வயது வந்தவர் கையெழுத்திட்டால், சாதாரண கவனக்குறைவுக்கு அந்தத் தாள் பல மாநிலங்களில் செல்லும். படுமோசமான கவனக்குறைவுக்குப் பெரும்பாலும் செல்லாது. இங்கிலாந்தில் 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொழிலாகவோ நிறுவனமாகவோ ஒன்றை நடத்துபவர், தம் கவனக்குறைவால் வரும் மரணத்துக்கும் காயத்துக்கும் பொறுப்பில்லை என்று எழுதி வாங்கவே முடியாது. நம் ஊரில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் மட்டும் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று ஒன்று வந்திருக்கிறது. அதைச் செல்லாது என்று அறிவிக்க மாநில நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. கட்டணம் வாங்கி ஜிம்மோ பயிற்சி மையமோ நடத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கல்லூரியையும் அதன் சுற்றுலா, நீச்சல் போன்றவற்றையும் நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே வைத்து தேசிய நுகர்வோர் ஆணையம் 2020இல் தீர்ப்பளித்தது. ஆனால் நுகர்வோர் நீதிமன்றம் இல்லையென்றால் உரிமையியல் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் திறந்தேதான் இருக்கின்றன.

குற்றவியல் பக்கம் இன்னும் தெளிவு. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் அது ஐந்து ஆண்டு வரை. இதை எந்தத் தாளிலும் எழுதி வாங்கித் தள்ளிவிட முடியாது.

அதே நியாய சன்ஹிதாவின் 25ஆம் பிரிவு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. சிலம்பம் சொல்லித்தருபவர்கள் எல்லாரும் அதை ஒருமுறை படிக்கலாம். 18 வயதைத் தாண்டியவர் தம் சம்மதத்தோடு ஒன்றில் ஈடுபடுகிறார், அது மரணத்தையோ கொடுங்காயத்தையோ விளைவிக்கும் நோக்கமோ அப்படி நேரும் என்ற அறிவோ இல்லாத செயல் என்றால், அதில் வரும் தீங்கு குற்றமாகாது. அதற்கு உதாரணமாகச் சட்டம் காட்டுவது, விளையாட்டுக்காக வாள்வீசும் இருவரை. முறைகேடு இல்லாமல் ஆடும்போது படும் அடிக்கு இருவரும் சம்மதித்ததாகக் கொள்ளப்படும். வாள் இருக்கும் இடத்தில் கம்பை வைத்துப் பாருங்கள். பயிற்சியில் விரலில் பட்ட அடிக்கு ஆசானைக் குற்றவாளியாக்க முடியாது. அதேநேரம் கம்பு விரிசல் விட்டிருப்பது தெரிந்தும் அதைக் கொடுத்து, சிம்பு கண்ணில் குத்தினால், அந்தச் சம்மதத்தைக் காட்டித் தப்பவும் முடியாது. மாணவர் சம்மதித்தது ஆட்டத்தில் உள்ள ஆபத்துக்கு. நடத்துபவருடைய அலட்சியத்துக்கு அவர் சம்மதிக்கவில்லை. எனக்கு இந்த விஷயமே இங்கேதான் விளங்கியது.

சம்மதம் என்ற சொல்லைப் பற்றிப் பேசும்போது கோவை நினைவுக்கு வராமல் இருக்காது. 2018 ஜூலை 12 அன்று கோவைக்கு அருகே ஒரு கல்லூரியில் பேரிடர் பயிற்சி நடந்தது. இரண்டாவது மாடியிலிருந்து கீழே விரித்துப் பிடித்த வலையில் குதிக்க வேண்டும். 19 வயது மாணவி விளிம்பில் உட்கார்ந்து தயங்கினார். பயிற்சியாளர் தள்ளினார். கீழ்த்தளத்துச் சன்ஷேடில் தலை மோதி அந்தப் பெண் இறந்துபோனார். பயிற்சியாளர் கைது செய்யப்பட்டார். அவர் தங்கள் பயிற்சியாளரே இல்லை என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் சொன்னது. அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த எவருக்கும் அந்தத் தயக்கம் மறக்காது. அதற்கு முன் பத்துத் தாளில் கையெழுத்து இருந்திருந்தாலும், விளிம்பில் உட்கார்ந்து 'வேண்டாம்' என்று உடல் சொல்லும் நொடியில் அந்தச் சம்மதம் முடிந்துவிட்டது. நாங்கள் இப்போது வைத்திருக்கும் முறையில் பாதி அந்தப் பெண்ணை நினைத்து எழுதியது.

அடுத்தது பெற்றோர் கையெழுத்து. நம் ஊரில் இதற்கு மரியாதை அதிகம். சட்டத்தில் ஒரு வேலையும் இல்லை. 18 வயது முடிந்தவருக்காக அப்பாவோ அம்மாவோ சம்மதம் தர முடியாது. 32 வயதில் இரண்டு பிள்ளைகளோடு முதுகலை படிக்கும் ஒருவர், "எங்கப்பா மேலூர்ல இருக்காரு சார், அவர்கிட்ட போய் வாங்கிட்டு வரணுமா?" என்று என்னிடம் கேட்டபோது பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னொரு குறையும் உண்டு. பையன்களுக்குக் கையெழுத்து மறுநாளே வந்துவிடும். பெண் பிள்ளைகளுக்கு 'மலையெல்லாம் எதுக்கு' என்று வீட்டில் தடை வரும். ஆக, பாதுகாப்புக்காக என்று வாங்கும் தாள், யார் வரலாம் யார் வரக்கூடாது என்று தீர்மானிக்கும் தாளாக மாறிவிடுகிறது. வீட்டுக்குத் தகவல் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், கூட வரும் ஆசிரியரின் எண் என்ன என்பதை, மாணவர் குறித்துக்கொடுக்கும் ஒருவருக்கு முதல் நாளே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். அந்த ஒருவர் அம்மாவாகவும் இருக்கலாம், கணவராகவும் இருக்கலாம், அக்காவாகவும் இருக்கலாம். கூட வருபவர்களில் ஒருவராக மட்டும் இருக்கக் கூடாது.

வெளி ஆளிடம் ஒப்படைப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2014 ஜூன் 8 அன்று இமாசலப் பிரதேசத்தில் லார்ஜி அணைக்குக் கீழே, ஹைதராபாத் பொறியியல் கல்லூரி ஒன்றின் மாணவர்கள் பியாஸ் ஆற்றுப் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டது. 24 மாணவர்களும், சுற்றுலாவை நடத்தியவர்களில் ஒருவரும் போய்விட்டார்கள். தலா 20 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று அந்த மாநில உயர் நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டது. மின்வாரியம் 60 சதவீதம், கல்லூரி 30 சதவீதம், மாநில அரசு 10 சதவீதம். வெளி ஆள் உடன் இருந்தார், மாணவர்கள் பொறியியல் படிப்பவர்கள், தண்ணீரைத் திறந்தது வேறு யாரோ. அப்படியும் கல்லூரியின் பங்கு 30 சதவீதம். நடத்துபவரை அமர்த்தலாம், ஆனால் பார்த்து அமர்த்த வேண்டிய கடமை நம்மிடமே இருக்கும்.

காட்டுக்குள் போவதென்றால் இப்போது நல்ல வழி ஒன்று இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மதுரை அரசு மருத்துவமனைக்குத் தீக்காயத்தோடு கொண்டுவரப்பட்டவர்களை இங்கே யாரும் மறக்கவில்லை. அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தது. இணையத்தில் பதிவுசெய்ய வேண்டும். பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் வருவார்கள். பாதை எளிதா கடினமா என்று முன்பே போட்டிருக்கும். காட்டுப் பயணங்களுக்கு இனி இந்தப் பாதைகள் மட்டும்தான் என்று முடிவு செய்துவிட்டோம். செலவு கூடும். கூடட்டும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் ஒரு தப்பெண்ணம் உண்டு. 'எல்லாருக்கும் பாலிசி இருக்கு' என்று சொல்லிவிட்டு யாரும் அதைப் பிரித்துப் படிப்பதில்லை. பிரதமரின் சுரக்‌ஷா பீமா திட்டம் ஆண்டுக்கு 20 ரூபாய்தான். வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயது வரை யாரும் சேரலாம். விபத்தில் மரணம் என்றாலோ முழு ஊனம் என்றாலோ 2 லட்சம், பகுதி நிரந்தர ஊனம் என்றால் 1 லட்சம். இந்தக் காசுக்கு இதைவிட நல்லது இல்லை. முதல் வாரத்திலேயே எல்லா மாணவர்களையும் சேர்த்துவிடலாம். ஆனால் சிறுமலையில் உடைந்த மணிக்கட்டுக்கு அதிலிருந்து ஒரு ரூபாய் வராது. அதில் மருத்துவச் செலவு இல்லை. அதற்குக் குழு விபத்துக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். எடுக்கும்போது ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள்: மருத்துவச் செலவு உண்டா, மலையேற்றம், பாறையேற்றம், நீச்சல் போன்றவை விலக்குப் பட்டியலில் இருக்கின்றனவா, கல்லூரி வாசலில் கிளம்பியதிலிருந்து திரும்பும் வரை பொருந்துமா, ஆசிரியர்களுக்கும் உண்டா? சாகச விளையாட்டு என்ற ஒரு வார்த்தையில் பல பாலிசிகள் கைவிரித்துவிடும். அடிபட்டவருக்குப் பணம் உடனே கிடைக்கும் ஏற்பாடு இருந்தால், யார் குற்றம் என்ற சண்டைக்கே பல நேரம் அவசியம் வராது. கையெழுத்தையும் காப்பீட்டையும் தட்டில் வைத்தால் என் கை காப்பீட்டின் பக்கம்தான் போகும்.

நடத்தாமலே விட்டுவிடலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. கல்லூரி அழைத்துப் போகாவிட்டால், அவர்கள் ஒரு பைக்கில் மூன்று பேராகப் போவார்கள். தண்ணீர் தேங்கிய கல்குவாரிப் பள்ளத்தில், ஆழம் தெரியாமல், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் இறங்குவார்கள். அந்தச் செய்தியை நம் பக்கத்துப் பேப்பரில் எத்தனை முறை படித்திருக்கிறோம்.

கடைசியாக, நாங்கள் தேர்ந்தெடுத்தது. அதற்கு ஆபத்து அறிவிப்புத் தாள் என்று பெயர் வைத்தோம். இரண்டு பக்கம், தமிழில். முதல் பக்கத்தில் பேசுவது நாங்கள். சமணர் மலைக்கு எழுதியதை அப்படியே தருகிறேன்: 'பேச்சிப்பள்ளம் வரை பாறையில் வெட்டிய படிகள் உண்டு. அதற்கு மேல் கைப்பிடி இல்லாத சரிவுப் பாறை. நிழல் கிடையாது. பத்து மணிக்கு மேல் பாறை சுடும். குரங்குகள் பையைப் பிடுங்கும். பாறை இடுக்கில் தேன்கூடு இருக்கலாம். சென்ட் போட்டுக்கொண்டு வர வேண்டாம். மழை பெய்தால் ஏற மாட்டோம். கூட வரும் ஆசிரியர்கள் மூவர். முதலுதவிப் பயிற்சி பெற்றவர் ஒருவர்.' இதை எழுத நாங்கள் முதலில் மலைக்குப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு முன் எட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட அப்படிப் பார்த்துவிட்டு வந்து மாணவர்களிடம் சொன்னதில்லை.

இரண்டாம் பக்கத்தில் மாணவர் எழுதுகிறார். ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து, வலிப்பு, இழுப்பு, சர்க்கரை, இதயக் கோளாறு, அவசரத்துக்கு இரண்டு எண்கள். அதை மடித்து ஒட்டித் தருவார். பிரிப்பது டாக்டர் முன்னால் மட்டும்; திரும்பி வந்ததும் அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறோம். கூச்சப்பட்டு மறைப்பது இதனால் குறைந்திருக்கிறது. கீழே கையெழுத்து உண்டு. அதற்கு மேலே இரண்டு வரிதான்: 'மேலே சொன்ன ஆபத்துகளைப் படித்தேன், கேட்டுத் தெரிந்துகொண்டேன். எந்த இடத்திலும் நின்றுகொள்ளலாம், அதற்காக மதிப்பெண்ணோ வருகைப்பதிவோ குறையாது என்பது எனக்குத் தெரியும்.' கல்லூரி பொறுப்பல்ல என்ற வரியை எடுத்துவிட்டோம். இப்படி ஒரு தாள் நீதிமன்றத்துக்குப் போனாலும், நாங்கள் என்ன சொன்னோம், என்ன ஏற்பாடு செய்தோம் என்பதற்குச் சாட்சியாக நிற்கும் என்றார் வக்கீல் நண்பர். பழைய தாளால் அது முடியாது.

ஜல்லிக்கட்டில் வாடிவாசலுக்கு முன்னால் மாடுபிடி வீரர்களை டாக்டர்கள் நிறுத்திப் பரிசோதித்து, உடல்தகுதி இல்லாதவரைத் திருப்பி அனுப்புவதை அலங்காநல்லூரில் பார்த்திருப்பீர்கள். அதையும் எடுத்துக்கொண்டோம். பஸ் ஏறும் முன் ஒவ்வொருவரையும் ஒரு நிமிடம் தனியே நிறுத்தி, "சாப்பிட்டியா, தூங்குனியா, காய்ச்சல் எதுவும் இருக்கா?" என்று கேட்கிறோம்.

போன பிப்ரவரியில் புதுத் தாளோடு முதல் பயணம், சமணர் மலைக்கு. தாள் கொடுத்து இரண்டு நாள் கழித்து ஒரு மாணவி வந்தார். "சார், எனக்கு உயரம்னா தலை சுத்தும். இத்தனை நாள் சொன்னதில்ல. அடிவாரம் வரைக்கும் வரட்டுமா?" என்று கேட்டார். அதற்கு முந்தைய இரண்டு பயணங்களில் அவர் மேலே வரை வந்தவர். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறியிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. அன்று அவரும் ஒரு ஆசிரியையும் தாமரைக் குளத்துக்குப் பக்கத்தில் ஆலமரத்தடியில் இருந்துகொண்டார்கள். கூடுதல் தண்ணீர் கேனையும் இரண்டாவது முதலுதவிப் பெட்டியையும் அவர்களிடம் கொடுத்துவிட்டு ஏறினோம். ஒன்பதரைக்கு இறங்கி வந்தபோது அவர் நோட்டில் பதினாறு பறவைகளின் பெயர் இருந்தது. மன்றத்தின் பதிவேட்டில் அந்தப் பக்கத்தை ஒட்டி வைத்திருக்கிறோம்.